மிதிவிசையும் மீளும் இசையும்

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என இசைக்கருவிகளை வகுத்துவைத்தனர் நம் முன்னோர். இந்நான்கனுள்ளும் அடங்காத துணைக்கருவி ஒன்று இன்று மேடையிலே கிதார்க் கலைஞரின் காலடியில் கிடக்கின்றது. செங்கல்லினும் சிறிய உலோகப் பெட்டி. மேலே இரண்டு மூன்று திருகுகுமிழ்கள். அவற்றின் கீழே கால் வைத்து அழுத்தும் ஒரு விசை. கலைஞர்கள் இதனைப் ‘பெடல்’ என்பர். நரம்பின் ஒலியை வாங்கிக் கரகரப்பாக்கியோ எதிரொலிக்கச் செய்தோ ஒலிபெருக்கிக்கு அனுப்புவது இதன் பணி. 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மேஸ்ட்ரோ ‘ஃபஸ்டோன்’ இவ்வகைக்கு முன்னோடி. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் பாடிய பாடலொன்றால் அதன் ஒலி உலகெங்கும் பரவிற்று.

இலுப்பூர் வட்டாரத்திற்கு இசை புதியதன்று. சுரங்களை நான்கு நான்காக அடுக்கிப் பாறையிற் பொறித்த குடுமியான்மலைக் கல்வெட்டு இவ்வட்டாரத்தின் பெருஞ்செல்வம். இன்றோ கோயில் திருவிழா, கந்தூரி, திருமணம் என ஊர்தோறும் மெல்லிசைக் குழுக்கள் இரவெல்லாம் இசைக்கின்றன. பாட்டின் நடுவே பெடல் ஊமையாகிவிட்டால் கலைஞரின் முகம் வாடுவதோடு நில்லாது; அடுத்த நிகழ்ச்சிக்கு அழைப்பு வாராமலும் போகும்.

எம்மிடம் பயின்று இப்போது குழுவொன்றில் கிதார் வாசிக்கும் மாணவர் ஒருவர், பழுதுற்ற பெடலைப் பெருநகரக் கடையொன்றுக்கு எடுத்துச் சென்றார். “உள்ளே எல்லாம் போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிட்டனர். புதியதன் விலையோ அவருடைய பல இரவுகளின் ஊதியம். பின்னர் இலுப்பூரில் வானொலிப்பெட்டி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். கெட்டிருந்தது மின்சுற்றன்று, மிதிவிசை மட்டுமே. அவர் செய்துகாட்டியதையும் பின்னர் நாம் கற்றறிந்ததையும் ஈண்டுத் தொகுத்துரைப்போம்.

‘சுவிட்ச்’ என்பதை ஈழத்தார் ‘ஆளி’ என்பர். நாம் ‘விசை’ என்றே வழங்குவோம். பெடல்களில் பெரிதும் காணப்படும் மிதிவிசையின் அடியில் மூன்று வரிசையாக ஒன்பது உலோகக் காதுகள் இருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் நடுக்காது பொதுவானது. விசையை மிதிக்குந்தோறும் உள்ளேயுள்ள சிறு தகடு ஏற்றப்பலகைபோலச் சாய்ந்து, நடுக்காதை ஒருமுறை இப்புறக் காதோடும் மறுமுறை அப்புறக் காதோடும் இணைக்கின்றது. பெரும்பாலும் இரு வரிசைகள் ஒலியைக் கடத்தும்; மூன்றாவது, விளக்கை எரிக்கும். இவ்வமைப்பை அறிந்தாலே பாதி நோய் புலப்பட்டுவிடும். விளக்கு எரிந்தும் ஒலி வரவில்லையெனில் ஒலிவரிசையில் குற்றம் இருத்தல்கூடும். ஒலி மாறியும் விளக்கு எரியவில்லையெனில் விளக்கையும் அதன் வரிசையையும் நோக்குக.

விசையைப் பழிக்குமுன் 9 வோல்ட் மின்கலம், கம்பி, கம்பி செருகும் துளை ஆகிய மூன்றையும் ஆராய்தல் வேண்டும். பல நேரங்களில் கள்வன் அங்கேதான் ஒளிந்திருப்பான்.

விசை கெடுவதேன்? இணையும் உலோக முகங்களில் நாளடைவில் களிம்பு படிகின்றது. நம் பகுதிச் செம்மண் புழுதி தண்டின் வழியே புகுந்து, உள்ளிருக்கும் மசகோடு குழைந்து பிசினாகின்றது. ஈரக்காற்று அதற்குத் துணைபோகின்றது. நெடுங்காலம் மிதியாது வைத்த பெடலும் இவ்வாறே கெடும். மிதிக்கும்போது முகங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து தம்மைத் தாமே சிறிது துடைத்துக்கொள்வதே காரணம்.

தூய்மை செய்யுமுன் மின்கலத்தையும் மின்னிணைப்பையும் நீக்குக. அடிமூடியைத் திறந்து மென்தூரிகையால் புழுதியை அகற்றுக. மின்னணுக் கடைகளில் கிடைக்கும் ‘கான்டாக்ட் கிளீனர்’ நீர்மத்தைத் தண்டின் ஓரத்தில் சிறிதளவு பீய்ச்சி, முப்பது நாற்பது முறை அழுத்தி விடுக. நன்கு உலர்ந்த பின்னரே மின்சாரம் கொடுத்தல் வேண்டும். அந்நீர்மங்களுட் பல தீப்பற்றுவன. தையல் இயந்திர எண்ணெயோ தேங்காயெண்ணெயோ விடுவாரும் உளர். இது முற்றிலும் தவறு. எண்ணெய் அன்றைக்கு வழுவழுப்பைத் தந்து, மறுநாளே புழுதியை அழைத்து வரும்.

உண்மையைச் சொல்லின், ஒன்பது காது விசைக்குத் தூய்மை செய்தல் ஒரு தற்காலிக மருந்தே. திருவிழா இரவைக் கடத்த அது போதும். தகடு தேய்ந்தபின் மாற்றுவதே வழி. புதிய விசையின் விலை பெடல் விலையில் மிகச் சிறு பங்கேயாகும். எது தேய்ந்தது என்பதை மல்டிமீட்டர் காட்டிவிடும். மூன்று வரிசைகளிலும் நடுக்காதுக்கும் ஓரக்காதுக்கும் இடையே மின்தடையை அளந்தவாறு பலமுறை மிதித்துப் பார்க்க. இணையும் பக்கத்தில் ஓர் ஓமுக்கும் குறைவாகவே காட்டவேண்டும். அளவு ஏறியிறங்கித் தடுமாறினால் அவ்விசையின் ஆயுள் முடிந்தது.

மாற்றுவோர் முதலில் எக்கம்பி எக்காதில் உள்ளது என வரைந்துகொள்க. செல்பேசியில் படம் எடுத்துக்கொள்வது இன்னும் எளிது. காதுகளின் தட்டை முகம் பழைய விசையில் எத்திசையில் இருந்ததோ அத்திசையிலேயே புதியதும் அமைதல் வேண்டும். கால்வட்டம் திரும்பிவிட்டால் எல்லா இணைப்பும் பிறழும். பற்றவைக்கும்போது சூட்டுக்கோலை ஒரு காதில் மூன்று நொடிக்கு மேல் வைத்தல் ஆகாது. சூட்டில் உள்ளிருக்கும் நெகிழி இளகிக் காது அசைந்துவிடும்; புத்தம்புதிய விசை முதல்நாளே கெடுவதன் மறைபொருள் பெரும்பாலும் இதுவே.

இன்னொரு வகையும் உண்டு. ஜப்பானிய பாஸ் நிறுவனத்தின் சிறு பெடல்கள் 1977-இல் வந்த ஓடி-1 தொடங்கி வேறு முறையில் இயங்குகின்றன. அவற்றில் அகன்ற மிதிபலகை அழுத்துவது ஒரு சிறு பொத்தான் விசையை. அது மின்சுற்றுக்குக் குறிப்பு மட்டும் தரும். ஒலியை மாற்றுவது மின்சுற்றே. இங்கு ஒலி அவ்விசை வழியே செல்வதில்லை. ஆதலின் அது கெட்டால் கரகரப்பு எழாது; மிதித்தும் மாறாதிருத்தல், ஒருமுறை மிதிக்க இருமுறை மாறுதல் ஆகியவையே அடையாளங்கள். மாற்றுவதும் எளிது.

கோயில் மேடையில் வெறுங்காலோடு வாசிக்கும் நம் கலைஞர் பெருவிரலால் சாய்த்து அழுத்துவதைக் கண்டுள்ளோம். தண்டு ஒருபுறம் தேய அதுவும் காரணமாகும். நேராக மிதித்தல் நன்று. நிகழ்ச்சிக்குமுன் மின்சாரமின்றிப் பத்துமுறை மிதித்துப் பார்ப்பதும், முடிந்தபின் பெடலைத் துணியில் சுற்றி வைப்பதும் செலவில்லாப் பாதுகாப்பு. அம்மாணவர் இப்போது கிதார்ப் பையில் மாற்று விசையொன்றையும் உடன் வைத்திருக்கின்றார்.