தூங்கத் தெரிந்த வெடி

ஆலன் கார்ல்சனுக்கு நூறாவது பிறந்தநாள். முதியோர் இல்லத்தில் கேக் தயாராகிக்கொண்டிருக்கும்போது கிழவர் ஜன்னலேறிக் குதித்து நடையைக் கட்டிவிடுகிறார். பஸ் நிலையத்தில் ஒரு முரடன் பார்த்துக்கொள்ளச் சொன்ன பெட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார். பெட்டி நிறையப் பணம். துரத்தி வருகிறவர்களில் ஒருவன் குளிர்பதன அறையில் விறைத்துச் சாகிறான். இன்னொருவன்மேல் யானை உட்கார்ந்துவிடுகிறது. யோனாஸ் யோனாசன் 2009இல் எழுதிய நாவலை ஃபெலிக்ஸ் ஹெர்ன்கிரென் 2013இல் இப்படிப் படமாக்கினார். கிழவராக நடித்த ராபர்ட் குஸ்டாஃப்சனுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. அந்த ஒப்பனை ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

படிப்பு, கொள்கை எதுவும் இல்லாத ஆலனுக்குத் தெரிந்தது ஒரே தொழில்: வெடி வைப்பது. அதை வைத்துக்கொண்டே ஸ்பெயின் போரில் பாலம் தகர்க்கிறார், அணுகுண்டு செய்துகொண்டிருந்த ஓப்பன்ஹைமருக்கு யோசனை சொல்கிறார், ஸ்டாலினோடு விருந்தில் உட்காருகிறார். என்னைக் கேட்டால் படத்தின் கதாநாயகன் கிழவர் இல்லை, டைனமைட்தான். திண்டுக்கல்–நத்தம் சாலையில், சிறுமலையைப் பார்த்தபடி கிடக்கும் சாணார்பட்டிப் பக்கத்து விவசாயிக்கு அந்தச் சாமான் புதிதும் இல்லை. மண், சரளை தாண்டினால் கெட்டிப்பாறை. வெடி வைக்காமல் இங்கே கிணறு ஆழமானதில்லை.

டைனமைட்டின் பெருமை அதன் பலத்தில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். பலம் அதற்கு முன்பே இருந்தது. 1847இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் அஸ்கானியோ சொப்ரேரோ நைட்ரோகிளிசரினைக் கண்டுபிடித்தார். எண்ணெய் மாதிரி இருக்கும் திரவம். வெடித்தால் வெடிப்பலை நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேல் ஓடும். ஆனால் எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. தட்டினால் வெடிக்கும், வண்டி குலுங்கினால் வெடிக்கும். 1864இல் ஸ்டாக்ஹோமில் நோபல் குடும்பத்தின் பட்டறையே வெடித்துச் சிதறியது. செத்தவர்களில் ஆல்ஃபிரட் நோபலின் தம்பி எமிலும் ஒருவர்.

அண்ணன் தொழிலை விடவில்லை. ‘கீசல்கூர்’ என்று ஜெர்மனியில் ஒரு மண் உண்டு. நுண்ணிய பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான, துளை நிறைந்த மண். மூன்று பங்கு நைட்ரோகிளிசரினை ஒரு பங்கு மண்ணில் ஊற வைத்தால் பிசைந்த மாவு மாதிரி ஆகிறது. காகிதத்தில் சுருட்டிக் குச்சியாக்கலாம், பெட்டியில் அடுக்கி வண்டியில் அனுப்பலாம். 1867இல் டைனமைட் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பே இன்னொரு சாமானையும் செய்து வைத்திருந்தார்: சின்ன உலோகக் குப்பியில் அடைத்த, சட்டென வெடிக்கும் மருந்து. நம்மூரில் ‘கேப்பு’ என்கிறார்களே, அதுதான். கேப்பு கொடுக்கும் அதிர்ச்சி வரும்வரை குச்சி தூங்கும். தூங்கத் தெரியாத சரக்கைத் தூங்கப் பழக்கியதுதான் நோபலின் சாதனை.

கிணற்றுக்குள் நடப்பதைப் பார்ப்போம். பாறையின் மேல் குச்சியை வைத்துக் கொளுத்தினால் சத்தம்தான் மிச்சம். வேகம் முழுவதும் காற்றோடு போய்விடும். அதனால் முதலில் பாறையில் தமர், அதாவது குச்சி இறங்கும் துளை, அடிக்க வேண்டும். கம்ப்ரசர் டிராக்டர் வராத காலத்தில் ஒருவர் உளியைப் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்க, மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். தண்ணீர் ஊற்றி ஊற்றி, குழைந்த கல்மாவை நீளமான கரண்டியால் வழித்தெடுப்பார்கள். கை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் அன்றைய வேலையின் அளவு.

பாறைக்கு ஒரு பலவீனம் உண்டு. நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அமுக்கத்தைத் தாங்கும் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இழுவையில் அதற்கு இருக்காது. தமருக்குள் வெடித்ததும் அதிர்வலை பாறையை அமுக்கிக்கொண்டே ஓடுகிறது. பாறை காற்றைத் தொடும் திறந்த முகத்தை எட்டியதும் திரும்புகிறது. திரும்பும்போது அது இழுவையாக மாறிவிடுகிறது. அங்கேதான் கல் பிளக்கிறது. பின்னாலேயே வரும் வாயு விரிசலுக்குள் புகுந்து அகட்டுகிறது. வாயு வெளியே ஓடிவிடாதிருக்கத்தான் தமர் வாயில் களிமண்ணைக் கெட்டித்து அடைப்பது.

குவாரியில் பாறைக்குப் பக்கவாட்டில் திறந்த முகம் இருக்கும். கிணற்றடியில் அது கிடையாது, மேலே மட்டும்தான் வழி. ஆகவே நடுத்தமர்களைச் சாய்வாக அடித்து முதலில் வெடிக்கவிட்டு ஒரு பள்ளம் உண்டாக்குவார்கள். சுற்றுத்தமர்கள் பிறகு வெடித்து அந்தப் பள்ளத்தை நோக்கிக் கல்லைத் தள்ளும். இந்த வரிசை தவறினால் மருந்து செலவாகும், கல் நகராது.

கேப்பைப் பற்றவைக்கும் திரிக்கும் ஒரு கதை உண்டு. கார்ன்வால் சுரங்கங்களில் திரி தாறுமாறாக எரிந்து ஆட்கள் சாவதைக் கண்ட வில்லியம் பிக்ஃபோர்டு, 1831இல் நூலுக்குள் கரிமருந்தை நிரப்பி, ஒரே சீராக எரியும் திரியைச் செய்தார். மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். அந்த அவகாசத்துக்குள் எல்லாத் திரியையும் பற்றவைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்து மேலே வந்தாக வேண்டும். மேலே இருப்பவர்கள் ஆடு மாடுகளை விரட்டி, ‘வெடி... வெடி’ என்று நாலு பக்கமும் கூவிவிட்டு மரத்தடிக்கு ஒதுங்குவார்கள். பிறகு எல்லாருக்கும் ஒரே வேலை, எண்ணுவது. ஒன்பது தமர் என்றால் ஒன்பது சத்தம் கேட்க வேண்டும். எட்டோடு நின்றால் யாரும் அசைய மாட்டார்கள். வெடிக்காத அந்த ஒன்று எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் கல் அள்ள இறங்கிச் செத்தவர்கள் எத்தனையோ பேர்.

படத்தில் ஒரு நரி ஆலனின் பூனையைக் கொன்றுவிடுகிறது. கிழவர் டைனமைட் வைத்து நரியைத் தகர்க்கிறார். அதற்காகத்தான் அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்கிறார்கள். தியேட்டரில் சிரிக்கலாம். நம் பக்கத்தில் காட்டுப்பன்றிக்குத் தீனியில் மறைத்து வைக்கும் வெடியான அவுட்டுக்காயை நினைத்தால் சிரிப்பு வராது. 2020இல் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சினையாக இருந்த யானை வெடி வைத்த தீனியைக் கடித்து, வாய் சிதைந்து, ஆற்றில் நின்றபடியே செத்தது. படத்தில் யானைதான் ஆளைக் கொல்லும். நிஜத்தில் கணக்கு வேறு.

இன்றைக்கு வைக்கும் குச்சியை ‘ஜெலட்டின்’ என்றே சொல்கிறோம். நோபல் 1875இல் செய்த ஜெலட்டின் மருந்தின் பெயர் அது. உள்ளே இருக்கும் சரக்கு மாறிவிட்டது. நைட்ரோகிளிசரின் கலந்த வெடிமருந்துகளை இந்தியா 2004இல் தடைசெய்தது. இப்போது வருவது அம்மோனியம் நைட்ரேட் கரைசலை எண்ணெய், மெழுகோடு குழைத்த பசை. ஈரத்தமரிலும் கெடாது, குலுக்கலுக்கும் அசையாது. உரிமம் இல்லாதவர் தொடக்கூடாது. கிணற்று வேலையும் குறைந்துவிட்டது. பலரும் போர் வண்டியைக் கூப்பிடுகிறார்கள், இருக்கும் கிணற்றில் சைடு போர் போட்டுப் பாறை இடுக்கில் தேங்கிய தண்ணீரைத் தேடுகிறார்கள்.

நைட்ரோகிளிசரின் இன்னொரு வழியில் நம்மோடு இருக்கிறது. டைனமைட் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்தது. நைட்ரோகிளிசரின் ரத்தக்குழாய்களை விரித்ததுதான் காரணம். நெஞ்சுவலிக்கு அதுவே மருந்தாயிற்று. கடைசிக் காலத்தில் நோபலுக்கே மருத்துவர்கள் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். ஜனங்கள் மிரளக்கூடாது என்று பெயரை மட்டும் ‘டிரைநிட்ரின்’ என மாற்றியிருந்தார்கள். உடலுக்குள் அது நைட்ரிக் ஆக்சைடைத் தருகிறது. அந்த வாயு ரத்தக்குழாய்க்கு இடும் கட்டளையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் கிடைத்ததும் நோபல் பரிசுதான்.

நம்மூர்ப் பெரியவர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் சார்பிட்ரேட் அதற்குப் பங்காளி. பயப்பட வேண்டாம்: ஒரு மாத்திரையில் இருப்பது சில மில்லிகிராம், அதுவும் மாவோடு கலந்தது. வெயிலில் நடந்தாலும், பஸ் குலுங்கினாலும் வெடிக்காது. நெஞ்சு வலித்தால் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும்; நின்றுகொண்டே வைத்தால் ரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றும்.