மலைச்சரிவுப் படம்: பெட்டிக்குள்ளா, ஜனங்கள் கையிலா?

இமயம் நமது தேசத்தின் காவலரண் என்று பெருமை பேசுகிறோம். அம்மலையில் குடியிருக்கும் ஜனங்களுக்குக் காவல் எது என்று கேட்பாரில்லை. 1950-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி, சுதந்திர தினத்தன்று, அஸ்ஸாமை உலுக்கிய பூகம்பத்தில் மலைகள் சரிந்து சுபன்சிரி நதியை அடைத்தன. எட்டு நாள் கழித்து அவ்வடைப்பு உடைந்து பெருகிய வெள்ளத்தில் 500-க்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். 2015-ம் வருஷம் ஏப்ரலில் நேபாளத்துப் பூகம்பத்தில் லாங்டாங் கிராமம் பனிக்கும் பாறைக்கும் அடியில் மறைந்தது. பூமி அதிர்வது சில நிமிஷம். பிளந்த பாறையும் நெகிழ்ந்த மண்ணும் விழுவதோ பின்வரும் மழைக்காலங்களிலும் தொடரும்.

விழக்கூடிய சரிவுகளை முன்கூட்டி அறிய வழியுண்டு. சரிவின் செங்குத்து, பாறையின் தன்மை, மண்ணின் கனம், நீரோட்டம், வெட்டிய பாதைகள், முன்பு சரிந்த இடங்கள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து ஆராய்ந்து, அபாயம் மிகுந்தது, நடுத்தரமானது, குறைந்தது என்று நிலத்தை வகுப்பதே சரிவுப் படம். எப்பொழுது விழும் என்று அது சொல்லாது. எங்கே வீடு கட்டலாகாது என்று சொல்லும். இந்தியப் புவியியல் ஆய்வு இலாகா 2014-ல் இவ்வேலையைத் தொடங்கி, ஏறக்குறைய 4.3 லக்ஷம் சதுர கிலோமீட்டருக்குப் படம் வரைந்திருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் 50,000-ல் ஒரு பங்கு அளவுள்ள அப்படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். ஜில்லாவுக்குத் திட்டமிட அது உதவும். குடியானவன் தன் வீட்டை அதில் காணமாட்டான்.

படத்தின் குறையைவிடப் பெருங்குறை, சொன்னதைக் கேளாமையாகும். ஜோஷிமட் பட்டணம் பழைய மலைச்சரிவு மண்ணின் மேல் அமைந்தது. அடிவாரப் பாறைகளைத் தோண்டியோ வெடிவைத்தோ அகற்றலாகாது. பெருங் கட்டடங்கள் கூடா. மரங்களை வெட்டலாகாது என்று 1976-லேயே மிச்ரா கமிட்டி எச்சரித்தது. 1999 மார்ச்சில் அதே சமோலி ஜில்லாவில் பூகம்பம் சுமார் நூறு பேரைப் பலிகொண்டது. அப்பொழுதும் கண் திறக்கவில்லை. விடுதிகள் எழுந்தன, மலை குடையப்பட்டது. 2023 ஜனவரியில் 800-க்கு மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் கண்டன.

பன்னிரண்டு நாளில் அந்நிலம் 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்ததென்று விண்வெளி ஸ்தாபனத்தின் அறிக்கை தெரிவித்தது. அது வெளிவந்த வேகத்திலேயே வாபஸாயிற்று. ஜனங்களுக்குக் குழப்பம் உண்டாகிறதென்று காரணங் காட்டி, பத்திரிகைகளிடம் பேசவேண்டாமென ஆய்வு ஸ்தாபனங்களுக்குத் தேசியப் பேரிடர் ஆணையம் தாக்கீது அனுப்பியது. பிரஜைகளுக்கு உண்மை தெரிந்தால் குழப்பம் என்பது அந்நிய ஆட்சியினர் சொல்லிவந்த பழைய வாதம். அதைச் சுயராஜ்ய சர்க்கார் எடுத்தாளுவது தகுமோ? 2024-ல் ஜோஷிமட் தாலூகாவுக்கு ஜோதிர்மட் எனப் பெயர் மாற்றினர். பெயர் மாறினால் நிலம் உறுதிப்படுமோ?

செய்யவேண்டுவது தெளிவு. மலைப் பட்டணம் ஒவ்வொன்றுக்கும் வீடுவீடாகக் காட்டும் பெரிய அளவுப் படம் வேண்டும். அது அவ்விடத்து ஜனங்களின் பாஷையில் பஞ்சாயத்துக் கட்டடச் சுவரில் தொங்கவேண்டும். அபாய நிலத்தில் கட்ட அநுமதி, ஏழைக்கும் கிடையாது, முதலாளிக்கும் கிடையாது, சர்க்காருக்கும் கிடையாது என்று சட்டம் செய்யவேண்டும். அங்கிருந்து பெயர்க்கப்படுவோருக்கு மாற்று நிலமும் ஜீவனோபாயமும் முதலில் அளிக்கவேண்டும். பூகம்பம் கண்ட சரிவு பழைய சரிவன்று; ஆதலால் ஒவ்வொரு பூகம்பத்துக்குப் பின்னும் படத்தைப் புதிதாய் வரையவேண்டும்.

மலை சரிவதை மனிதனால் தடுக்க முடியாமற் போகலாம். சரியும் என்று தெரிந்த இடத்தில் ஜனங்களைத் தெரிவியாமல் குடியிருக்க விடுவது இயற்கையின் குற்றமன்று, ஆட்சியின் குற்றமேயாகும்.