வாயுவாகும் சாயம்: அச்சுப்பொறியும் வெப்ப அழுத்தியும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் விளையாட்டுச் சட்டை அச்சிடும் சிறுதொழில் தொடங்குவோர் முதலில் அறியவேண்டியது பதங்கமாதலை, அதாவது திறந்துவைத்த கற்பூரம்போலத் திண்மம் திரவமாகாமலே வாயுவாவதை. ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் வாயுவாகும் சாயம் பொலியெஸ்டர் இழைக்குள் புகுந்து தங்குவதால், மருதமுனையின் பருத்திக் கைத்தறித் துணிக்கு இம்முறை பொருந்தாது. வெள்ளை மை இல்லாமையால் கருந்துணிக்கும் உதவாது. மையைச் சூடாக்காமல், மின்னழுத்தத்தால் வளையும் நுண்தகடுகளைக் கொண்டு துளித்துளியாக உந்தும் பீசோ தலையுடைய அச்சுப்பொறியே இச்சாயத்தைத் தாளில் அச்சிட ஏற்றது. அத்தாளைத் துணிமேல் வைத்து அழுத்தும் வெப்ப அழுத்தியோ 230 வோல்ட் மின்சாரத்துக்கு உரியதாகவும், தட்டின் நடுவிலும் ஓரங்களிலும் ஒரே வெப்பம் தருவதாகவும் இருக்கவேண்டும். ஓரம் சூடு குறைந்தால் அங்கே கறுப்பு மண்ணிறமாக வெளிறும். மாரிகாலத்தில் ஈரம் உறிஞ்சிய துணியை, சாயத்தாளை வைக்குமுன் சில வினாடிகள் வெறுமனே அழுத்தி உலர்த்தினால் நிறம் கசியாது.