பொதுக் கோப்புறையும் இரு வாயில்களும்



எங்கள் இல்லத்தில் மூன்று கணிப்பொறிகள் உள்ளன. கூடத்தில் இருக்கும் பொறியில் ஒரு கோப்புறையைப் பொதுவாக வைத்து, மற்ற இரண்டிலிருந்தும் அதனைத் திறக்குமாறு அமைத்திருந்தேன். கல்லூரியில் பயிலும் என் மகள் தன் தாவரவியல் குறிப்புகளை அதில்தான் சேர்த்து வந்தாள். எட்டு வயதுச் சிறுவனான என் மகனுக்கு வேண்டிய படங்களும் அதிலேயே இருந்தன. நம் வீடுதானே, யாருக்கு யார் தடை என்று எண்ணி, அனைவரையும் குறிக்கும் 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு முழு அதிகாரமும் வழங்கிவிட்டேன்.

ஒரு நாள் மாலை, சிறுவன் தன் பொறியில் அமர்ந்தபடியே அக்கோப்புறையில் பாதியை நீக்கிவிட்டான். 'ரீசைக்கிள் பின்'னில் கிடக்கும் என்று தேடினோம், இல்லை. தன் பொறியில் உள்ளதை நீக்கினால் அது அங்கே தங்கும். வலையமைப்பின் வழியே வேறொரு பொறியில் உள்ளதை நீக்கினாலோ, பொதுவாக அங்கே தங்காமல் அடியோடு போய்விடும். அன்றுதான் இதை அறிந்தேன். இரண்டு மாதக் குறிப்புகள் அழிந்தன. மகள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிழை என்னுடையது ஆகையால் நானும் வாய் திறக்கவில்லை.

அதன் பின்னரே விண்டோஸின் அனுமதி முறையை ஊன்றிப் பயின்றேன். பகிரப்பட்ட கோப்புறைக்கு இரண்டு வாயில்கள் உண்டு. வெளி வாயில், பகிர்வு அனுமதி. வலையமைப்பின் வழியாக வருவோரை மட்டுமே அது தடுக்கும். படித்தல், மாற்றுதல், முழு அதிகாரம் என அதற்கு மூன்று படிகள். உள் வாயில், கோப்பின் அனுமதி. 1993-இல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த என்.டி.எஃப்.எஸ். என்னும் கோப்பு அமைப்பு தருவது இது. பொறியின் முன்னேயே அமர்ந்திருப்பவரையும் இது கட்டுப்படுத்தும். வெளியிலிருந்து வருபவர் இரண்டையும் கடக்க வேண்டும். இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே செல்லும். வெளியே முழு அதிகாரம் அளித்து, உள்ளே படிக்க மட்டும் விட்டால், அவர் படிக்கலாம், அவ்வளவே. இதனை அறியாதவர், ஒரு வாயிலைத் திறந்தும் நுழைய முடியவில்லையே என்று சினந்து, இரண்டையும் அகலத் திறந்துவிடுகிறார். நான் செய்ததும் அதுவே.

இப்பொழுது கூடத்துப் பொறியில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் உண்டு. மகளின் குறிப்புகளுக்குத் தனிக் கோப்புறை; அதில் எழுதும் உரிமை அவளுக்கு மட்டுமே. நான் படிக்கலாம், தந்தை என்பதற்காக எழுதும் உரிமை எனக்கு எதற்கு? சிறுவனுக்குப் படங்களைக் காணும் உரிமை போதும் என்று, அதற்கென ஒரு குழு அமைத்தேன். 'மறுப்பு' என்றொரு கட்டமும் உண்டு. அதை நான் தொடுவதில்லை. ஒரே கோப்புறையில் ஒரு குழுவுக்கு அனுமதியும் வேறொரு குழுவுக்கு மறுப்பும் இட்டால், இரண்டிலும் உள்ளவருக்கு மறுப்பே வெல்லும். 'எவ்ரிஒன்' என்பதற்கு மறுப்பு இட்டுவிட்டால் நாமும் வெளியில்தான் நிற்க வேண்டும். வேண்டாதவருக்கு அனுமதி வழங்காமல் இருப்பதே போதுமானது.

புதிய குழுவில் சேர்த்த அன்று சிறுவனுக்குப் படங்கள் திறக்கவில்லை. நான் மீண்டும் அனுமதிகளைக் கலைத்துப் போட இருந்தேன். மகள்தான், "சற்றுப் பொறுங்கள், அப்பா" என்று தடுத்து, அவனை வெளியேறி மறுபடி உள்நுழையச் சொன்னாள். ஒருவர் எந்தெந்தக் குழுவில் உள்ளார் என்பதை உள்நுழையும் பொழுதுதான் பொறி குறித்துக்கொள்கிறது. அவன் உள்நுழைந்தான், படங்கள் திறந்தன.