உயிரின் எழுத்துகள் – 9: மூச்சடக்கும் நெல்

பேராதனைப் பூங்காவுக்கு எதிரே, மகாவலியின் மறுகரையில் இருக்கிறது கன்னொறுவ. 1988இல் நிறுவப்பட்ட தாவர மரபணு வள நிலையம் அங்கேதான் உள்ளது. பாரம்பரிய நெல்லினங்களின் வித்துகளை அதன் குளிரறைகளில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இன்று எவரும் விதைக்காத நெல்லை ஏன் இப்படிக் காக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த வாரக் கதை.

சாதாரண நெல் வெள்ளத்தில் முழுதாக மூழ்கினால், தலையை வெளியே நீட்டிவிட அவசரமாக வளரும். சேமித்த மாச்சத்தெல்லாம் அதில் தீர்ந்துபோகும். நீர் சீக்கிரம் வடியாவிட்டால் பயிர் அழுகிவிடும். ஆனால் ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ, இலங்கையின் குர்கருப்பன், தவலு, கொட ஹீனட்டி போன்ற சில பழைய இனங்கள் இரண்டு வாரம் வரை நீருக்கடியில் கிடந்தும் மீண்டு துளிர்க்கின்றன. காரணமான மரபணுவை 2006இல் எஃப்.ஆர்.13ஏயில் அடையாளம் கண்டார்கள். பெயர் சப்1ஏ. அது தரும் புரதம் ஒரு படியெடுப்புக் காரணி: டீ.என்.ஏயில் குறிப்பிட்ட இடங்களைப் பற்றி, பக்கத்து மரபணுக்களை இயக்கும் புரதம். மூழ்கிய செடிக்குள் எதிலீன் வாயு வெளியேற வழியின்றித் தேங்கும்போது சப்1ஏ பெருகும். வளர்ச்சியைத் தடுத்துச் செடியின் கையிருப்பைக் காக்கும்.

சரி, டீ.என்.ஏயின் கோடிக்கணக்கான எழுத்துகளுக்கு நடுவே தனக்குரிய இடம் எது என்று அந்தப் புரதத்துக்கு எப்படித் தெரிகிறது?

டீ.என்.ஏயின் இரு இழைகளையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. முறுக்கேணியின் வெளிப்புறத்தில் அகலமான பள்ளம் ஒன்று ஓடுகிறது. ஏ–டீ, டீ–ஏ, ஜீ–சீ, சீ–ஜீ என்ற நான்கு சோடிகளும் அந்தப் பள்ளத்தில் நான்கு வெவ்வேறு விளிம்புகளைக் காட்டுகின்றன. ஐதரசன் பிணைப்புக்கு அணுவைக் கொடுக்கும் இடம், ஏற்கும் இடம், மெத்தில் கூட்டம் என ஒவ்வொன்றிலும் ஒழுங்கு மாறும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே நெல்லா அரிசியா என்று சொல்வதைப்போல, புரதம் அந்த விளிம்புகளைத் தொட்டறிகிறது.

சப்1ஏ சேர்ந்த ஈ.ஆர்.எஃப். குடும்பத்தின் தொடு பகுதி சுமார் 60 அமினோ அமிலங்கள் கொண்டது. அராபிடாப்சிஸ் செடியின் புரதம் ஒன்றை வைத்து 1998இல் அதன் வடிவத்தைக் கண்டார்கள். மூன்று பட்டிகள் சேர்ந்த தகடொன்று பள்ளத்தில் படிகிறது. அதிலுள்ள ஆர்ஜினின், டிரிப்டோஃபான் அமிலங்கள் ஜீ-சீ-சீ-ஜீ-சீ-சீ என்ற வரிசையைப் பற்றுகின்றன. வறட்சியையும் குளிரையும் கவனிக்கும் உறவுக்காரப் புரதங்களில் இந்தப் பகுதியின் 14ஆவது, 19ஆவது அமிலங்கள் வேறு. அவை நாடும் வரிசையும் வேறு.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இங்கே முடித்துக்கொள்கிறது. எனக்கு அது போதவில்லை. நெல்லின் டீ.என்.ஏயில் சுமார் 39 கோடி எழுத்துகள். ஆறெழுத்து வரிசையொன்று தற்செயலாகவே 4,096 இடத்துக்கு ஒருமுறை வரும். இரு இழைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 1.9 இலட்சம் இடங்கள். அத்தனை இடத்திலும் சப்1ஏ வேலை செய்தால் செடி உருப்படாது. உயிருள்ள கலத்தில் அப்படி நடக்காததற்குக் காரணம், வரிசை மட்டும் முடிவு செய்வதில்லை என்பதே. டீ.என்.ஏயின் பெரும்பகுதி 147 எழுத்துச் சுற்றுகளாக ஹிஸ்டோன் புரதங்களில் சுருட்டி மறைக்கப்பட்டிருக்கிறது. திறந்த இடங்களிலும், பக்கத்தில் எந்தத் துணைப் புரதம் நிற்கிறது, கலத்தில் காரணி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தே மரபணு இயங்கும்.

தேடும் விதமும் வியப்பானது. 2007இல் ஈ.கோலை பக்டீரியாவுக்குள், இதேபோல் டீ.என்.ஏயில் தன் வரிசையைத் தேடும் லாக் அடக்கிப் புரதத்தை ஒற்றை மூலக்கூறாகவே பின்தொடர்ந்து பார்த்தார்கள். அது தன் நேரத்தில் ஏறத்தாழ 90 வீதத்தைத் தனக்குரியதல்லாத டீ.என்.ஏயில் ஒட்டி நகர்வதிலேயே செலவிட்டது. ஒட்டும், சற்று நகரும், விடும், வேறிடத்தில் ஒட்டும். சரியான வரிசை கிடைத்தால்தான் நெடுநேரம் தங்கும். நெற்கலத்துக்குள் சப்1ஏயின் ஓட்டத்தை இவ்வளவு நெருக்கமாகப் பார்ப்பது கடினம். ஆனால் அது ஈ.ஆர்.எஃப்.66, ஈ.ஆர்.எஃப்.67 என்ற இரு மரபணுக்களை நேரடியாக இயக்குவதை 2019இல் தாய்வான் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளம் தாங்கும் சப்1ஏக்கும் தாங்காத சப்1ஏக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு 186ஆவது அமினோ அமிலம்: முன்னதில் செரின், பின்னதில் புரோலின். அந்தச் செரின் உள்ள மரபணுவை ஸ்வர்ணா நெல்லுக்குள் கலப்பின வழியில் கொண்டுவந்து, 2009இல் இந்தியாவில் ஸ்வர்ணா-சப்1 என வெளியிட்டார்கள். எஃப்.ஆர்.13ஏயின் பழைய வித்தை யாரும் எடுத்து வைக்காதிருந்தால் அந்தச் செரினும் நமக்குக் கிடைத்திருக்காது.

2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு வயல்கள் மூழ்கிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் ஊரில் யாராவது இன்னும் பாட்டன் காலத்து நெல்லை ஒரு மூலையில் விதைத்து வந்தால், அதில் ஒரு பிடி வித்தும் அந்த நெல்லின் ஊர்ப்பெயரும் கன்னொறுவையைச் சேர வழி செய்யுங்கள்.