சொன்னதும் கேட்டதும் – 7: 730 ரூபாய் என்றால் எவ்வளவு?

நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பின்னேரக் கொழுந்து நிறுவை என்று வைத்துக்கொள்வோம். தராசைப் பார்த்துவிட்டுக் கணக்கப்பிள்ளை சொல்கிறார்: "இன்னைக்கு மழைகூட இல்லையேம்மா." கொழுந்தைக் கொண்டுவந்தவள் சொல்கிறாள்: "சின்னவனுக்கு ரெண்டு நாளா காய்ச்சலுங்கய்யா."

எழுதிப் பார்த்தால் ஒன்று வானிலை. மற்றது ஒரு பிள்ளையின் சுகவீனம். ஆனால் மலையில் பிறந்த எவருக்கும் அங்கே நடந்த பேச்சு முழுதாக விளங்கும். நிறை குறைகிறது, மழையைக் காரணம் காட்ட முடியாது என்கிறார் அவர். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, கை ஓடவில்லை, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டுவிடாதீர்கள் என்கிறாள் அவள். குற்றச்சாட்டு, விளக்கம், மன்றாட்டு மூன்றும் இரண்டு வரிகளில் முடிந்துவிட்டன.

கேட்பவர் மனம் இந்தத் தூரத்தை எப்படிக் கடக்கிறது? போல் கிரைஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1967இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளில் இதற்கு விடை தேடினார். பேசுகிற இருவர் ஒருவரிடம் ஒருவர் சிலவற்றை எதிர்பார்க்கிறார்கள்: தேவையான அளவு சொல்வார், பொய் சொல்லமாட்டார், விஷயத்தோடு ஒட்டியே பேசுவார், தெளிவாகப் பேசுவார். ஒரு பேச்சு இதில் தவறுவதுபோலத் தோன்றினால் நாம் அதை உளறல் என்று தள்ளுவதில்லை. என்ன நினைத்து இதைச் சொன்னால் பொருந்தும் என்று தேடிக் கண்டுபிடிக்கிறோம். தராசடியில் நிற்கும் கணக்கப்பிள்ளைக்கு வெயில் மழை பற்றிப் பேச நேரமில்லை. ஆகவே அது நிறையைப் பற்றித்தான்.

தமிழுக்கு இது புதிதல்ல. பொருள் வெளிப்படையாகவும் வரும், குறிப்பாகவும் வரும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே வகுத்திருக்கிறது. நம் காலத்திலும் பேச்சின் உட்பொருளை ஆராயும் துறைக்குத் தமிழ்க் கிராமம் ஒன்று பாடம் சொல்லியிருக்கிறது. மொழி ஆய்வாளர் ஸ்டீபன் லெவின்சன் 1970களில் கோயம்புத்தூர் மாவட்டக் கிராமமொன்றில் பேச்சு வழக்கை ஆராய்ந்தார். அங்கே அவர் கேட்டதும், சக ஆய்வாளர் பெனலோப் பிரவுன் மெக்சிகோவின் மாயா மக்களிடம் கேட்டதும் மரியாதைப் பேச்சு பற்றிய அவர்களுடைய புகழ்பெற்ற ஆய்வுக்கு முக்கிய ஆதாரங்களாயின. மனிதர் ஏன் சுற்றி வளைத்துப் பேசுகிறார் என்பதற்கு மூன்று காரணங்களை அவர்கள் காட்டினார்கள்: இருவருக்கும் இடையே உள்ள நெருக்கம் குறைவு, எதிரே இருப்பவரின் அதிகாரம் அதிகம், கேட்கும் காரியம் பாரம். தோட்டத்தில் வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு முதல் பின்னேர நிறுவை வரை இந்த மூன்றும் சேர்ந்தே நிற்கின்றன. நம் பாட்டிமார் குறிப்பறிவதில் தேர்ந்தவர்களானது அதனால்தான். தொரை கங்காணியிடம் சொன்னதிலிருந்து தன் தலையில் என்ன விழப்போகிறது என்று கணிக்கத் தெரியாதவருக்கு அங்கே பிழைப்பில்லை.

குறிப்பில் பேசுவது நல்லதும் செய்யும். "மதினி, சீனி தீந்துபோச்சு" என்று பக்கத்துக் காம்பரா வாசலில் நிற்பவள் கடன் கேட்கவில்லை. "நாங்களும் நேத்துலேர்ந்து வெறுந்தேத்தண்ணிதான்" என்ற மதினி மறுக்கவும் இல்லை. கேட்ட வெட்கம் இவளுக்கு இல்லை. இல்லையென்ற சங்கடம் அவளுக்கும் இல்லை. கிரைஸ் சுட்டிய முக்கியமான இயல்பு இதுவே. குறிப்பாக உணர்த்தியதைச் சொன்னவர் எப்போது வேண்டுமானாலும் 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்று திரும்ப எடுத்துக்கொள்ளலாம். லயத்தில் இந்த வசதி இருவருக்கும் சமம்.

தோட்டச் சம்பளப் பேச்சில் அது சமமாக இல்லை. 2016 ஒக்டோபரில் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஊரெல்லாம் பேசப்பட்டது நாளொன்றுக்கு 730 ரூபாய். தேவையான அளவு சொல்வார்கள் என்று நம்பும் காதில் அது எப்படி விழும்? வேலைக்குப் போனால் 730. நிபந்தனை இருந்தால் சொல்லியிருப்பார்களே! உள்ளே இருந்த கணக்கு வேறு. அடிப்படைச் சம்பளம் 500. வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்காக 30. நாள் தவறினாலோ கிலோ குறைந்தாலோ 730 கிடையாது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்டவர் நியாயமாக ஊகித்த பொருளுக்கு யாரும் பொறுப்பேற்கவும் இல்லை. ஊகித்தவளின் பிழையாக அதை ஆக்கிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

2021இல் 1,000 ரூபாய் வந்தது: 900 சம்பளமும் 100 கொடுப்பனவும். கூடவே பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு கூடியது; எட்டாதவர்களுக்கு அரைப்பேர் விழுந்தது. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபாய் என்றார். செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளமாக முடிவானது 1,350.

2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் சொன்ன தொகை 1,750. அதில் 1,550 சம்பளம், 200 வருகைக்கான ஊக்குவிப்பு. இங்கே குறிப்பறியும் திறமையை ஒதுக்கிவைத்துவிட்டு, பெரட்டிலும் தொழிற்சங்கக் கூட்டத்திலும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். மாதத்தில் எத்தனை நாள் வந்தால் அந்த 200? தோட்டமே வேலை தராத நாள் எந்தக் கணக்கில்? அரைப்பேர் விழுந்த நாளுக்கு அது உண்டா, இல்லையா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.