பழைய காருக்குள் தண்ணீர் வருகிறதா? வழியைக் கண்டறியும் முறை

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், பழைய கார் வைத்திருக்கும் நம் வணிகர்கள் பலரிடம் ஒரே குறையைக் கேட்கலாம்: "மேட் நனைந்து கிடக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை." அம்பாசடர், மாருதி 800 ஆகியவற்றின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் வசூலுக்கும் சரக்கு எடுக்கவும் இவற்றை ஓட்டுவோர் உண்டு. உள்ளே வரும் நீர் ஜவுளிக் கட்டையும் பில் புத்தகத்தையும் நனைப்பதோடு நிற்பதில்லை. மேட்டுக்கு அடியில் தேங்கித் தரைத் தகட்டை அரித்துவிடும். சிறு செலவில் முடியவேண்டிய வேலை, தகடு வெட்டி வெல்டிங் வைக்கும் அளவுக்குப் போய்விடும்.

தண்ணீர் தேங்கும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். முன் கண்ணாடி ரப்பர் வழியே புகும் நீர் டேஷ்போர்டின் பின்னால் இறங்கிக் கால் வைக்கும் இடத்தில் சேரும். வண்டி சரிவில் நின்றால் பின் இருக்கை வரை ஓடிவிடும். எனவே ஊகத்தில் பசை பூசுவது வீண் செலவு.

எந்தத் தண்ணீர்?

1. மழையில்லாத நாளிலும் ஏ.சி. போட்டு ஓட்டியபின் இடது முன்பக்கம் நனைந்தால், அது பெரும்பாலும் கூலிங் காயிலின் நீர். வெளியேற்றும் சிறு குழாய் தூசியால் அடைபட்டிருக்கும். வண்டிக்கு அடியில் வழக்கமாகச் சொட்டும் நீர் நின்றிருப்பதே இதன் அடையாளம். குழாயைச் சுத்தம் செய்தால் போதும்.

2. நீர் பிசுபிசுப்பாகவும் இனிப்பு வாடையுடனும் இருந்தால், ஹீட்டர் காயிலிலிருந்து கூலன்ட் கசிகிறது. கூலன்ட் குறைந்தால் என்ஜின் சூடேறிக் கெடும். உடனே ஒர்க்ஷாப்பில் காட்ட வேண்டும்.

3. மழையிலோ, வண்டி கழுவும்போதோ மட்டும் நனைந்தால், நீர் வெளியிலிருந்து புகுகிறது. அதற்குக் கீழ்க்கண்ட சோதனை உதவும்.

சோதனை செய்யும் விதம்

மேட்டையும் அடியிலுள்ள கம்பளத்தையும் எடுத்துவிட்டு, தரையை நன்கு துடைத்துப் பழைய செய்தித்தாளைப் பரப்புங்கள். ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே அமரட்டும். மற்றவர் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பில் மெதுவாக நீர் விடட்டும். கதவின் அடிப்பகுதியில் தொடங்கி, இடத்துக்குச் சில நிமிடங்களாக, படிப்படியாக மேலே செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, வழி தெரியாமல் போகும்.

கதவு பீடிங்கைச் சோதிக்க, ரூபாய் நோட்டு அளவுள்ள தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அந்த இடத்தில் பீடிங் பிடிக்கவில்லை.

கவனிக்க வேண்டிய இடங்கள்

வைப்பருக்குக் கீழேயுள்ள பள்ளத்தில் இலைச் சருகு அடைத்தால், நீர் வெளியேற வழியின்றி உள்ளே இறங்கும். மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் இது அதிகம்.

கதவுக் கண்ணாடி இறங்கும் இடைவெளியில் நீர் புகுவது இயல்பே. அது கதவின் அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறும். விவரம் அறியாமல் அத்துளைகளை அடைப்போர் உண்டு, அடைக்கவே கூடாது. ஸ்பீக்கர் பொருத்தும்போது கதவின் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டாலும் நீர் காருக்குள் வரும்.

டிக்கி நனைந்தால், டிக்கி பீடிங்கையும் பின்விளக்கு ரப்பரையும் பாருங்கள். தரையிலுள்ள ரப்பர் மூடிகள் கழன்றிருந்தால் சாலையில் தேங்கிய நீரே உள்ளே தெறிக்கும்.

வழியை அடைத்தபின் கம்பளத்தை வெயிலில் முழுதும் உலர்த்தியே மறுபடி விரிக்க வேண்டும். மேலே உலர்ந்தது போலத் தோன்றினாலும் அடியில் ஈரம் நிற்கும். பழைய வண்டி வாங்கச் செல்வோரும் பெயின்ட் பளபளப்பைப் பார்க்குமுன் மேட்டைத் தூக்கிப் பார்ப்பது நலம். துருவும் முடைநாற்றமும் இருந்தால், அதற்கேற்ப விலை பேசுங்கள்.